ரிங் மட்டும் மாற்றினால் பழைய எஞ்சின் புதிதாகாது

"எஞ்சினை இறக்கி ஃபுல் வேலை பண்ணியாச்சு, ஆனா முன்னைவிட அதிகமா புகை தள்ளுது" என்ற புகாரோடு இன்னொரு பழைய கார். ஹெட்டைக் கழற்றினால் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே காட்சி. பிஸ்டனைச் சுற்றிப் போடும் ரிங் புதிது, பேக்கிங் புதிது, பளபளவென்று பெயிண்ட் அடித்த பிளாக். பிஸ்டன் ஓடும் உள்துளையான சிலிண்டர் போரின் உச்சியில் மட்டும் விரல் நகம் தட்டி நிற்கும் அளவுக்கு ஒரு படி. மேல் ரிங் அந்தப் படியில் மோதித் துண்டாகிவிட்டது. பிஸ்டனில் இரண்டு ரிங் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் வரப்பும் பெயர்ந்து, அதன் சில்லுகள் போரைக் கீறியிருக்கின்றன. போரை அளந்தீர்களா என்று கேட்டால், "கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று பதில் வருகிறது.

போர் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போலப் பளபளப்பது நல்ல போருக்கு அடையாளமும் இல்லை. எண்ணெய் தங்குவதற்காகக் கல்லால் உரசிப் போட்ட ஹோனிங் கோடுகள் அழிந்து வழவழப்பாகிவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

"புகை ரிங்கால் வருகிறது, ரிங் மாற்றினால் நின்றுவிடும்" என்ற நம்பிக்கைதான் பழைய எஞ்சின்களுக்கு முதல் எதிரி. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அழுத்தமும் சூடும் உச்சம், எண்ணெய்ப் படலம் மெலிவு. அங்கே தேய்வு அதிகம், அடிப்பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிஸ்டனைச் சுழலும் கிராங்கோடு இணைக்கும் கான்ராடு சாய்ந்து தள்ளும் பக்கம் கூடுதலாகத் தேய்வதால் வட்டமும் கெட்டு நீள்வட்டமாகிறது. ரிங் எட்டாத உச்சியில் மட்டும் பழைய விட்டம் அப்படியே நிற்கிறது. விரல் நகத்தில் தட்டுவது அதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 75 மி.மீ. போருக்கு மேல் ரிங்கின் வாய் இடைவெளி (வெட்டிய இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) சுமார் 0.30 மி.மீ. வைப்பது வழக்கம். மேலே விட்டம் 0.25 மி.மீ. தேய்ந்திருந்தால் சுற்றளவு அதைப் போல 3.14 மடங்கு கூடியிருக்கும். கீழே 0.30 ஆக இருக்கும் வாய், மேலே போகும்போது ஏறத்தாழ 1.09 மி.மீ. ஆகப் பிளந்து நிற்கும். வெடிப்பு நடப்பதும் அங்கேதான். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் பிஸ்டன் நிமிடத்துக்கு 4,000 தடவை ஓடி முடிக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ரிங் விரிய வேண்டும், இல்லையென்றால் சுருங்க வேண்டும். அதில் ரிங் பள்ளத்தின் சுவர் தேய்ந்து அகலும், அகன்ற பள்ளத்தில் ரிங் அதிரும், கடைசியில் உடையும்.

"ஓட்ட ஓட்ட ரிங் செட் ஆயிடும்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். கூம்பாகிப் போன போரில் ஒவ்வொரு உயரத்திலும் வடிவம் வேறு. எந்த உயரத்துக்கு அது செட் ஆகும்? பழைய ரிங் மட்டும் படியில் மோதாமல் எப்படி ஓடியது என்றும் கேட்கிறார்கள். அந்த ரிங்கின் மேல் விளிம்பு படியோடு சேர்ந்தே தேய்ந்து உருண்டிருந்தது. புது ரிங்கின் விளிம்பு சதுரமானது. போதாததற்குக் கான்ராடு பேரிங்கையும் மாற்றி ஆட்டத்தை எடுத்துவிடுகிறீர்கள், பிஸ்டன் ஒரு மயிரிழை கூடுதலாக மேலே ஏறுகிறது. மோதாமல் என்ன செய்யும்? படியை மட்டும் சீவியெடுக்கும் கருவி இருக்கிறது. அது ரிங்கை மோதலிலிருந்து காப்பாற்றும், கூம்பை ஒன்றும் செய்யாது.

அதனால் போர் டயல் கேஜ் வைத்து அளங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் படிக்குக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று உயரம். ஒவ்வொரு உயரத்திலும் கிராங்குக்கு இணையாக ஒன்று, குறுக்காக ஒன்று. நாலு சிலிண்டருக்கு 24 அளவு, அரைமணி நேர வேலை. மேனுவலில் எல்லை போட்டிருந்தால் அதன்படி நடக்க வேண்டும். போட்டிராவிட்டால், மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.13 மி.மீ.யைத் தாண்டினால் ரீபோர், அதாவது போரை அகலமாகக் கடைவது, என்பது என் கணக்கு.

எஞ்சினில் கை வைப்பதற்கு முன்பே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்திருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கிலும் போரிலும், ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் பேக்கிங்கிலோ. ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் உருண்டு வந்து, மறுபடி மிதித்ததும் குப்பென்று நீலப் புகை வந்தால் முதலில் வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடைச் சந்தேகப்படுங்கள். கைடு தேய்ந்த வண்டிக்கு எஞ்சினையே இறக்கிய கொடுமையும் நடக்கிறது.

வருஷக்கணக்கில் நின்று ஜாம் ஆன எஞ்சினை வண்டியோடு கட்டி இழுத்துத் திருப்பாதீர்கள். தயவுசெய்து. பிளக்குகளைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். அசையவில்லையா, அப்படியே இறக்கிப் பிரியுங்கள்.

இறக்குவது பெரிய வித்தை இல்லை, அவசரம்தான் கெடுக்கிறது. முதலில் பேட்டரி. பழைய கார்களில் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் ஏராளம், எந்த முனை பாடியில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ரேடியேட்டரில் மட்டும் தண்ணீரை வடித்தால் பிளாக்கில் பாதி தங்கிவிடும், பிளாக்குக்குத் தனிக் குழாய் உண்டு. பெட்ரோல் லைனை அடைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு வயரிலும் சீட்டு. சங்கிலியை மேனிஃபோல்டிலோ ராக்கர் கவர் ஸ்டட்டிலோ மாட்டாதீர்கள். ஹெட் ஸ்டட்டில் தடித்த பட்டை வைத்து மாட்டுங்கள். வார்ப்பிரும்பு நாலு சிலிண்டர் எஞ்சின் லேசான சரக்கு இல்லை. தொங்கும்போது கீழே கையோ காலோ போகக் கூடாது, ஒரு நொடிகூட.

கியர் பாக்ஸை வண்டியிலேயே விட்டு எஞ்சினைப் பிரிக்கும்போது பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுக்க மறப்பவர்கள் அதிகம். எடை முழுவதும் பாக்ஸின் முன் ஷாஃப்டில் தொங்கி கிளட்ச் பிளேட் வளைந்துபோகும். அப்புறம் எஞ்சின் ஏற்றியதும் கிளட்ச் விடாமல் இழுக்கும், பழி புது பிளேட் மீது விழும். தலை வெட்டிய நீள போல்ட் இரண்டை வழிகாட்டியாகப் போட்டுக்கொண்டால் நேராகப் பின்னால் வரும், திரும்ப ஏற்றும்போதும் நேராகப் போகும்.

பிரிக்கும்போது பேரிங்கைப் பூட்டியிருக்கும் மெயின் கேப், கான்ராடு கேப் எல்லாவற்றிலும் எண்ணும் திசையும் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே குத்துங்கள். கேப்பைப் பூட்டிய நிலையில்தான் அந்தத் துளை வட்டமாகக் கடையப்பட்டது. இன்னொன்றோடு மாற்றினாலோ திருப்பிப் போட்டாலோ வட்டம் போச்சு. வால்வைத் தள்ளும் டாப்பெட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். ஒவ்வொன்றும் கேம் ஷாஃப்டில் தனக்குரிய மேட்டோடு சேர்ந்து தேய்ந்தது, கலந்தால் இரண்டும் போகும். ஹெட் வரவில்லை என்று இணைப்பில் உளியை அடிப்பவர்களிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

ஆயில் பிரஷர் குறைந்தால் கேப்பை அரத்தால் ராவுவது இன்னொரு பழைய நோய். 1928-31 ஃபோர்ட் மாடல் ஏ போல, வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிய பேரிங் இருந்தால் கேப்புக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு இருக்கும், அதை எடுத்து ஆட்டத்தைச் சரிசெய்வது முறையான வேலைதான். கழற்றி மாற்றும் அரைவட்டத் தகடான ஷெல் பேரிங் போட்ட எஞ்சினில் அந்தப் பாடத்தைப் பிரயோகித்தால் துளை நீள்வட்டமாகி, ஷெல் நசுங்கி, எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். ஷெல் எஞ்சினில் கிராங்கை கிரைண்ட் செய்து, மெலிந்த கிராங்குக்கு ஏற்ற அண்டர்சைஸ் ஷெல் போடுவதுதான் வழி. அங்குலக் கணக்கில் 0.010, 0.020, 0.030 என்று வரும். கிரைண்ட் செய்து வந்த கிராங்கில், பேரிங் இருக்கைப் பகுதி பக்கச் சுவரோடு சேரும் மூலையை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய வளைவு இருக்க வேண்டும். கத்தி போல நேர்மூலையாக வெட்டியிருந்தால் கிராங்க் ஒருநாள் அங்கேதான் முறியும்.

ரீபோருக்குப் பிளாக்கை மட்டும் அனுப்புவதும் தப்பு. பிஸ்டன்கள் முதலில் கைக்கு வரட்டும். 0.030 அங்குலம் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும் என்று நம்பிக் கடைந்த பிறகு, சந்தையில் 0.040தான் இருக்கிறது என்று தெரிய வந்தால் மறுபடி கடைய வேண்டும், பழைய பிளாக்கின் சுவரில் சதை அவ்வளவு மிச்சம் இருக்காது. கடைவதற்கு முன் பிளாக்கையும் ஹெட்டையும் விரிசல் பரிசோதனைக்குக் கொடுங்கள். போருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே வால்வு இருக்கும் சைடு வால்வு எஞ்சினில் வால்வு சீட்டுக்கும் போருக்கும் இடையே குறிப்பாகப் பாருங்கள்.

இனிக் கழுவுதல். நன்றாகக் கடைந்து வந்த எஞ்சின்களில் பாதியைக் கொல்வது இதுதான். ஹோனிங் முடிந்த போரை மண்ணெண்ணெயில் துடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது எண்ணெயைக் கழுவும், கல்பொடியைக் கோடுகளுக்குள் தள்ளிவிடும். சுடுதண்ணீர், சோப்பு, விறைப்பான பிரஷ் மூன்றும் வேண்டும். தேய்த்து அலசி, காயவைத்து, வெள்ளைத் துணியில் சுத்தமான எஞ்சின் ஆயில் நனைத்துப் போரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி சோப்பு. மறுபடி ஆயில் துணி. துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடாதீர்கள். முடிந்த கையோடு ஆயில் பூசுங்கள், ஒரு மணி நேரம் சும்மா விட்டாலும் துரு படியும்.

பிளாக்கின் ஆயில் பாதையை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றி, நீள பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். கிராங்கின் உள்துளைகளுக்கும் இதே வைத்தியம், கிரைண்டிங் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். கண்ணாடி மணி வீசிச் சுத்தம் செய்வது வெளியே மாட்டும் பாகங்களுக்குச் சரி. எண்ணெய் ஓடும் எதற்கும் வேண்டாம். எஞ்சின் எண் குத்திய இடத்தையும் எதனாலும் தேய்க்காதீர்கள், வண்டியின் அடையாளமே அதுதான்.

பழைய கிளட்ச் பிளேட், எக்ஸாஸ்ட் பேக்கிங், சூடு தாங்கச் சுற்றிய கயிறு எல்லாவற்றிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் குழாய் வைத்து ஊதாதீர்கள். நனைத்து, முகத்தில் கல்நார்த் தூசையும் வடிகட்டும் ரெஸ்பிரேட்டர் மாஸ்க் போட்டு, துடைத்து மூட்டை கட்டுங்கள். ஹெட்டில் படிந்த கரியும் அப்படித்தான். 1923 முதல் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள், கடைசி நாடு அதை நிறுத்தியது 2021இல். அந்தக் கரியை உலர்ந்தபடி சுரண்டி ஊதினால் ஈயத்தைத்தான் மூச்சில் இழுக்கிறீர்கள். இதைத் திட்டாகச் சொல்லவில்லை, உங்கள் வீட்டுக் குழந்தைகளை நினைத்துக் கெஞ்சியே கேட்கிறேன். வேலை உடையோடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

பூட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் அதன் போரில் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜில் வாயை அளங்கள். ரிங்கில் 'டாப்' என்று குறி இருந்தால் அந்தப் பக்கம் மேலே. வாய்கள் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. சீலண்டைக் குழைத்து அப்பாதீர்கள், பிதுங்கிய துணுக்கு ஆயில் பம்ப் வலையில் போய் அடைக்கும். ஹெட் நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் சுற்றி, கேஜில் ஆயில் பிரஷர் வந்ததைக் கண்ணால் பாருங்கள். புது கேம் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 1,500 முதல் 2,000 சுற்றில் 20 நிமிடம். ஆயில் சாதாரண மினரல், ஜிங்க் கலந்தது. புது எஞ்சினை மணிக்கணக்கில் ஐடிலில் உறுமவிட்டு ரசிக்காதீர்கள், போர் பளபளத்து ரிங் பிடிக்காமல் போகும். சாலையில் எடுத்து மிதமான பாரம் கொடுத்து, விட்டு, மறுபடி கொடுத்து ஓட்டுங்கள். சூடாகி ஆறிய பிறகு ஹெட் நட்டும் டாப்பெட் இடைவெளியும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சில ஹெட்டுகளைச் சூட்டில் முறுக்கச் சொல்லும், மேனுவலைப் பாருங்கள்.

முதல் ஆயிலை 800 கி.மீ.க்குள் மாற்றி, வடித்ததை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போல மினுமினுத்தால் ரிங்கும் போரும் பழகிய தூள், கவலை இல்லை. வெள்ளிச் செதில் தெரிந்தால் பேரிங் உரிகிறது. செம்பு நிறம் தெரிந்தால் ஷெல்லின் மேல்பூச்சே போய்விட்டது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றுங்கள், கிராங்கையாவது காப்பாற்றலாம்.