டிரம்முக்கு வெளிச்சம் ஆகாது

லேசர் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் பலரும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கைக்கு எட்டிய மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். ரீஃபில் கடைகளிலோ கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் டிரம்மை, அதாவது அச்சுப் படம் உருவாகும் உருளையை, தனியே உருவி டியூப்லைட்டுக்கு அடியில் விட்டுவிட்டு மற்ற பாகங்களைத் துடைக்கிறார்கள். நல்ல டிரம் வீணாவது இப்படித்தான்.

டிரம் என்பது அலுமினியக் குழாய்மேல் பூசிய கரிமப் படலம். அடியில், ஒரு மைக்ரானோ (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கும் குறைவாகவோ, ஒளியை வாங்கும் நிறமி அடுக்கு. பச்சையாகவோ நீலமாகவோ தெரிவது அதன் நிறம்தான். அதற்கு மேல் சுமார் 20 மைக்ரான் தடிமனில் கண்ணாடிபோன்ற பாலிகார்பனேட் அடுக்கு. பிசிஆர் எனும் சார்ஜ் ரோலர் இதன் மேற்பரப்பில் ஏறத்தாழ மைனஸ் 600 வோல்ட் ஏற்றுகிறது. இருட்டில் இந்த மின்னேற்றம் அப்படியே நிற்கும். லேசர் பட்ட புள்ளியில் மட்டும் நிறமி அடுக்கில் எலக்ட்ரான்களும், அவை விட்டுப்போன காலியிடங்களான துளைகளும் பிறக்கும். துளை நேர் மின்னேற்றம்போல நடந்துகொள்ளும். எலக்ட்ரான் அலுமினியம் வழியாகத் தரைக்குப் போய்விடும். துளை மேலே ஏறி மேற்பரப்பின் எதிர் மின்னேற்றத்தை அழிக்கும். அப்படி மின்னேற்றம் இறங்கிய இடத்தில்தான் டோனர் எனும் மைத்தூள் ஒட்டுகிறது. 600 வோல்ட்டை 20 மைக்ரானில் தாங்குவது சாதாரண வேலையில்லை. சாதாரணக் காற்றாக இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு மின்புலத்திலேயே பொறி பறந்துவிடும்.

அறை வெளிச்சம் வெகுநேரம் பட்டால் படலத்துக்குள் மின்னூட்டங்கள் சிக்கிக்கொள்கின்றன. அதன்பின் அந்த இடம் சார்ஜைச் சரியாகப் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் டோனர் ஒட்டும், தாளின் குறுக்கே சாம்பல் பட்டை விழும். பட்டை விழுந்ததும் டிரம்மைத் தூக்கி எறிய வேண்டாம். கறுப்பு உறையில் சுற்றி ஒரு நாள் இருட்டில் வைத்துவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தால் வந்த சோர்வு பெரும்பாலும் தெளிந்துவிடும். நேரடி வெயில் பட்டது அப்படித் தெளியாது. புறஊதாக் கதிர் மேல் அடுக்கின் மூலக்கூறுகளையே சிதைத்துவிடுகிறது.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் மின்னியல் நகலை எடுத்தபோது, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்தே சார்ஜ் ஏற்றினார்கள். உலர்ந்த துணியால் டிரம்மை அழுத்தித் தேய்க்கும்போதும் அதேதான் நடக்கிறது. அப்படி நேர் மின்னேற்றம் தங்கிவிட்டால் வெளிச்சம் காட்டினாலும் அது இறங்காது, ஏனென்றால் மேல் அடுக்கில் துளைகள்தான் நகரும், எலக்ட்ரான் நகராது. தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகக்கூடாது, பாலிகார்பனேட் கரைந்துவிடும். பிடிப்பது இரு முனைப் பாகங்களை மட்டுமே. விரல் எண்ணெய் பட்ட இடம் அச்சில் தெரியும்.

புது டிரம் மாட்டும்போது அதற்கென்று விற்கும் மசகுத் தூளை டிரம்மிலும், மிஞ்சிய டோனரை வழித்தெடுக்கும் வைப்பர் பிளேடிலும் லேசாகத் தடவி, கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெறும் ரப்பர் பிளேடு வழுவழுப்பான படலத்தில் ஒட்டிக்கொண்டு மடங்கிவிடும். முகப் பவுடர் இதற்கு மாற்றல்ல.

கோளாறு டிரம்மில்தானா என்பதை ஸ்கேல் சொல்லும். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 75 மி.மீ. நகரும், 30 மி.மீ. என்றால் 94. தாளில் ஒரே கறை அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் டிரம்தான் காரணம். கறையின் விளிம்பு கூராக இருந்தால் கீறல், மங்கிக் கரைந்தால் வெளிச்சம். இடைவெளி வேறாக இருந்தால் மற்ற ரோலர்களைப் பாருங்கள். தாள் முழுதும் கறுப்பாக வந்தால் டிரம்மை மாற்றும் முன் பிசிஆரின் முனைத் தொடர்பைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே மின்சாரம் போகாவிட்டால் புத்தம்புது டிரம்மும் கறுப்பாகத்தான் அடிக்கும்.