தட்டணு எண்ணிக்கைக்கு மேலும் கீழும் உள்ள வரிகள்

சென்ற வாரம், பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். வேறோர் இடத்தில் எடுத்த பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை 28,000 என்று மிகக் குறைவாக வந்ததால் அவருடைய அறுவை இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இடையில் தட்டணுவை ஏற்றுவதற்காக ஆறு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதில், அதுவரை இல்லாத சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. தோலில் ஒரு சிவப்புப் புள்ளியோ ஈறில் ஒரு துளிக் கசிவோ அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, தட்டணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடந்தன. சிட்ரேட் கலந்த நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து உடனே எண்ணி, நீர்த்தலுக்காக 1.1ஆல் பெருக்கியதும் 2,10,000 வந்தது.

இவ்வாண்டில் நான் இப்படிப் பார்க்கும் நான்காவது ஆள் இவர். வழக்கமாக எடுக்கும் ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள், ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குத் தட்டணுக்களைக் குழாய்க்குள்ளேயே ஒட்டவைத்துவிடும். இயந்திரம் அந்தக் கொத்துகளைத் தட்டணுவாக எண்ணுவதில்லை. குறைபாடு குழாயில் இருக்க, மாத்திரை மனிதருக்குப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடித் தகடும் பத்து நிமிடமும் போதும் என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

இதைவிட என்னைச் சலிப்படையச் செய்வது, தட்டணு குறைந்தால் டெங்கு, டெங்கு என்றால் பப்பாளி இலைச் சாறு என்ற முடிவு. டெங்குவில் காய்ச்சல் விடும் நாட்களில் தட்டணு இறங்கும். ஓரிரு நாளில் தானாகவே ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். உறவினர்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டணுவைக் கேட்கிறார்கள். அதே தாளில் உள்ள ஹீமடோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதை, ஒருவரும் கேட்பதில்லை. டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து ரத்த அழுத்தம் சரிவதால் வருகிறது. ஹீமடோகிரிட் 36இலிருந்து 44க்கு ஏறினால் அந்தக் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே இருந்தும் பெரிய ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை என்று, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே நள்ளிரவில் கொடையாளரைத் தேடி ஓடுவதற்கு முன், ஹீமடோகிரிட் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தட்டணு ஏன் குறைந்தது என்பதற்கான முதல் துப்பு, அதன் சராசரிப் பருமனைக் காட்டும் எம்பிவி என்ற வரியில் இருக்கிறது. தட்டணுக்களை உடலே அழிக்கும் ஐடிபி போன்ற நோய்களில், எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாகப் பெரிய, இளம் தட்டணுக்களை அனுப்புவதால் எம்பிவி கூடும். சில இயந்திரங்கள் தரும் இளம் தட்டணு விகிதமாகிய ஐபிஎஃப்பும் கூடும். மஜ்ஜையே சோர்ந்துபோயிருந்தால் இவை பொதுவாக அவ்வாறு உயர்வதில்லை. ஆனால் எம்பிவியை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது. இடிடிஏ குழாயில் நேரம் செல்லச் செல்லத் தட்டணுக்கள் உப்பும். காலையில் எடுத்து மாலையில் வந்து சேரும் மாதிரியின் எம்பிவியை நான் நம்புவதில்லை. எண்ணிக்கை மிகக் குறைந்தால் இயந்திரம் அந்த இடத்தில் வெறும் கோடுகளைப் போட்டுவிடும். பிறவியிலேயே பெரிய தட்டணுக்கள் உள்ளவர்களும் உண்டு. இயந்திரம் அவற்றைச் சிவப்பணு என்று எண்ணி விட்டுவிடுவதால், இரும்பு மனிதர்போல் நடமாடுபவரும் தாளில் நோயாளியாகத் தெரிவார். அவர்களை அடையாளம் காட்டுவது பத்தாண்டுக்கு முந்தைய பழைய அறிக்கைதான். தயவுசெய்து அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்து, மற்ற அணுக்களைப் பார்க்க வேண்டும். சிவப்பணுவின் பருமனாகிய எம்சிவி 115ஐத் தாண்டி, சிவப்பணு, வெள்ளணு, தட்டணு என மூன்று வகை அணுக்களும் குறைந்திருந்தால் முதலில் பி12 குறைபாட்டைத் தேடுங்கள். அதுதான் காரணமென்றால், ஊசி போட்ட சில வாரங்களில் அணுக்களின் எண்ணிக்கை சீராகிவிடும். எண்ணிக்கை ஆண்டுக்கணக்கில் 70,000, 80,000 என்றே நிற்பவருக்கு வயிற்று ஸ்கேன் எடுத்துக் கல்லீரலையும் மண்ணீரலையும் பாருங்கள். வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும். ஹீமோகுளோபினும் குறைந்து, அணுக்கள் சிதையும்போது கூடும் எல்டிஹெச் என்ற நொதி உயர்ந்து, தகட்டில் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தெரிந்தால் அது, சிறு ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைக்கும் டிடிபியாக இருக்கலாம். பிளாஸ்மா மாற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டிய நோய் அது. டிடிபியில் கணக்குக்காகத் தட்டணு ஏற்றுவது தீங்காகவும் முடியலாம். முதிராத வெள்ளணுக்கள் தெரிந்தாலோ, காரணம் ரத்தப் புற்றாக இருக்கக்கூடும். டெங்குப் பருவத்தில் இவை எல்லாவற்றுக்கும் டெங்கு என்றே பெயர் வைத்து ஒரு வாரத்தைத் தொலைக்கிறோம்.

ஆகவே, எதிர்பாராமல் தட்டணு குறைந்து வந்தால், மருந்துக்கு முன் ஸ்மியர், அதாவது கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை, நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், இடுப்பில் ஊசி கேட்டு அடம்பிடிக்கவும் வேண்டாம். மலம் கறுத்தாலோ, கடும் தலைவலி, மயக்கம், விடாத வயிற்றுவலி வந்தாலோ எண்ணிக்கைக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்தப் பெண்மணியின் ஸ்டீராய்டை அவருடைய மருத்துவர் படிப்படியாகக் குறைத்துவருகிறார். "இவருடைய தட்டணுவைச் சிட்ரேட் குழாயில் எண்ணவும், ஸ்மியரும் பார்க்கவும்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.