பரலோகம்: சொல்லும் அதிலுள்ள ஆறுதலும்

பரலோகம் வடமொழிச் சொல். 'பர' என்றால் அப்பாலுள்ள, பிறிதான, மேலான, 'லோகம்' உலகம். சேர்த்துச் சொன்னால் மறுவுலகம். இகம், பரம் என்று இணையாக வழங்கும்போது இகம் இம்மையையும் பரம் மறுமையையும் குறிக்கும். மூலச் சொல்லுக்குள் இன்பம் என்ற பொருள் கிடையாது. இறந்தபின் உயிர் சேருமிடம் எதுவானாலும் அது பரலோகம்தான். கிறிஸ்தவத் தமிழில்தான் அச்சொல் கடவுள் உறையும் இடம் என்று பொருள் குறுகியது.

தமிழில் இதற்குப் பழைய சொற்கள் பல உண்டு. "அருளில்லார்க்கு அவ்வுலகம் இல்லை" என்கிறது குறள். துறக்கம், வானுலகு, விண்ணுலகு, புத்தேள் உலகு ஆகியவையும் இருந்தன. இவற்றுள் விண்ணுலகும், அதையொட்டிய விண்ணகமும் இன்றைய கிறிஸ்தவ வழக்கில் நன்றாக ஊன்றிவிட்டன. பழைய கத்தோலிக்க மன்றாட்டுகளில் வரும் 'மோட்சம்' வேறு வகை. அதன் வேர்ப்பொருள் விடுதலை. பிறவிச் சுழற்சியிலிருந்து விடுபடுதல் என்ற கருத்தோடு வளர்ந்த சொல் அது. கிறிஸ்தவர்கள் அதை விண்ணகம் என்ற பொருளில் எடுத்தாண்டார்கள். பக்தி வழக்கில் அது நிலைத்திருக்கலாம். விளக்கிச் சொல்லும் இடத்தில் விண்ணகம் என்பதே தெளிவு.

இனி வேதத்தின் மூலமொழிகளுக்கு வருவோம். எபிரேயத்தில் 'ஷாமாயிம்', கிரேக்கத்தில் 'ஊரானோஸ்'. பறவை பறக்கிற, மழை பொழிகிற வானமும் இதுவே; விண்மீன்கள் நிற்கும் வெளியும் இதுவே; கடவுளின் அரியணை இருக்குமிடமும் இதுவே. தமிழில் வானம் வேறு, பரலோகம் வேறு. ஆகவே மொழிபெயர்த்தவர்கள் ஒவ்வொரு இடத்திலும் எது பொருந்தும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஷாமாயிம் பன்மை வடிவிலேயே வழங்கும் சொல். அந்தப் பன்மையின் நிழல் கிரேக்கத்திலும் விழுந்தது. கர்த்தரின் ஜெபத்தில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று வரும் பன்மை அங்கிருந்து வந்ததுதான். அதே ஜெபத்தில் அடுத்த வசனம் "பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல" என்று ஒருமைக்கு மாறுவது பிழையல்ல. கிரேக்கத்திலும் அங்கே ஒருமைதான்.

இப்படிப் பிரித்து மொழிபெயர்த்ததால் தமிழ் வாசகருக்கு ஒன்று மறைந்துபோகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் "புதிய வானத்தையும் புதிய பூமியையும் கண்டேன்" என்றும், இரண்டாம் வசனத்தில் புதிய எருசலேம் என்ற நகரம் "பரலோகத்தைவிட்டு இறங்கிவரக்கண்டேன்" என்றும் பழைய மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். இரண்டு இடத்திலும் மூலத்தில் ஒரே சொல். நகரம் போகும் திசையையும் பாருங்கள். மனிதர் மேலே ஏறிப் போவதாக அந்தக் காட்சி முடிவதில்லை. நகரம் கீழே இறங்கி வருகிறது, "மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது" என்ற குரல் கேட்கிறது. அதற்கு அடுத்த வசனம்தான் துக்க வீடுகளில் அதிகம் வாசிக்கப்படும் "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்." அதை மட்டும் தனியே எடுத்து வாசித்தால், இந்த மண்ணைக் கைவிட்டு வேறெங்கோ போய்விடுவதுதான் ஆறுதல் என்ற எண்ணம் வந்துவிடும். முதல் வசனத்திலிருந்து ஐந்தாம் வசனம்வரை சேர்த்து வாசிக்க வேண்டும்.

பரதீசு என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிட வேண்டும். ஒலி ஒற்றுமையால் இதில் வரும் 'பர' பரலோகத்தில் வரும் பர என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இது பழைய ஈரானிய மொழியில் சுற்றிலும் சுவரெடுத்த தோட்டத்தைக் குறித்த சொல். முன்பகுதிக்கு 'சுற்றி' என்று பொருள். பரிவாரம் என்பதில் உள்ள 'பரி'க்கு அது உறவு. கிரேக்கர் அதைத் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கே அச்சொல்லை இட்டார்கள். புதிய ஏற்பாட்டில் அது மூன்றே இடங்களில் வருகிறது: லூக்கா 23:43, 2 கொரிந்தியர் 12:4, வெளிப்படுத்தின விசேஷம் 2:7. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு சொன்ன சொல் அது. முதல் மனிதர் இழந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லி, சாகப்போகிற ஒருவனை உள்ளே அழைக்கிறார். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இதைப் 'பேரின்ப வீடு' என்கிறது. அழகான தொடர்தான்; ஆனால் தோட்டம் காணாமல் போய்விடுகிறது. பரதீசு என்றே வைத்து, ஒருமுறை பொருள் சொல்லிவிடுவது மேல் என்பது எங்கள் கருத்து.

ஆறுதல் எங்கே இருக்கிறது என்று வசனங்களையே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கள்வனுக்குச் சொன்னது: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." யோவான் 14:3இல், "நான் இருக்கிற இடத்திலே நீங்களும் இருக்கும்படி." பிலிப்பியர் 1:23இல் பவுலின் ஏக்கம், "கிறிஸ்துவுடனேகூட இருக்க." 1 தெசலோனிக்கேயர் 4:17இல், "எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்." பொன் வீதியைப் பற்றியோ முத்து வாசலைப் பற்றியோ இந்த நான்கு இடத்திலும் ஒரு சொல்லும் இல்லை. நான்கும் ஒருவரோடு சேர்ந்திருப்பதைத்தான் சொல்கின்றன. 'அப்பாலுள்ள உலகம்' என்ற பெயர் தூரத்தைச் சொல்கிறது. 'உடன்' என்ற உருபு அந்தத் தூரத்தை அழித்துவிடுகிறது. விசுவாசியின் நெஞ்சைத் தாங்கிப் பிடிப்பது அந்த உருபுதான்.

"இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று அதே தெசலோனிக்கேயர் பகுதி முடிகிறது. 'தேற்றுங்கள்' என்பதற்குரிய கிரேக்க வினைக்குப் பக்கத்தில் வரும்படி அழைத்தல், ஊக்குதல், ஆறுதல் சொல்லுதல் என்ற பொருள்கள் உண்டு. தூய ஆவியாரைத் தேற்றரவாளன் என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்வதும் அந்த வேரிலிருந்துதான்.

பிழை நேருவது பெரும்பாலும் இங்கேதான். "பரலோகத்துக்குப் போய்விட்டார், அழக்கூடாது" என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பவுல் எழுதியது நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்பது. துக்கத்தின் விதத்தைப் பற்றிய பேச்சு அது. துக்கத்துக்குத் தடை இல்லை. லாசருவின் கல்லறையருகே இயேசுவே கண்ணீர் விட்டார், அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் "தேவதூதனாகிவிட்டான்" என்று சொல்வதும் தவறு. லூக்கா 20:36 உயிர்த்தெழுவோர் தேவதூதருக்கு ஒப்பானவர்கள் என்கிறது, தேவதூதராக மாறுவார்கள் என்று சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு வேண்டியது தன் பிள்ளை, வேறொரு உயிரினம் அன்று.

இன்னொரு குழப்பம் காலத்தைப் பற்றியது. இறந்த விசுவாசி கிறிஸ்துவோடு இருப்பது ஒன்று, கடைசி நாளில் உடலோடு எழுவது ஒன்று. பேச்சு வழக்கில் இரண்டையும் பரலோகம் என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் வானம் படைப்பைச் சொல்லும் இடத்திலும், பரலோகம் கிறிஸ்து ஏறிச் சென்றதைச் சொல்லும் இடத்திலும் வருகின்றன. நம் எதிர்காலத்தைச் சொல்லும் வரியில் இரண்டும் இல்லை. அங்கே இருப்பவை சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்தான். நோயில் உருக்குலைந்த உடலைப் பார்த்து அழுகிறவர்களுக்கு இந்த வரி பெரிய பிடிமானம். அந்த உடலையும் கடவுள் மறக்கவில்லை என்கிறது அது. மரண அறிவிப்புகளில் எழுதும் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்ற தொடரில் இந்த நம்பிக்கை அடங்கியிருக்கிறது, ஏனெனில் தூங்குகிறவர் எழுவார். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்கும் உறங்குமிடம் என்றே பொருள்.

பரலோகராஜ்யம் வேறு. மத்தேயு மட்டுமே இத்தொடரை ஆள்கிறார். மாற்குவும் லூக்காவும் அதே இடங்களில் தேவனுடைய ராஜ்யம் என்கிறார்கள். இறந்தபின் போகிற இடம் என்று அதை எடுத்துக்கொண்டால் "பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது" என்ற வாக்கியம் மரண எச்சரிக்கையாகிவிடும். அது கடவுளின் ஆட்சி நெருங்கி வருவதைச் சொல்கிறது. விண்ணரசு என்பது இதற்கு மிகப் பொருத்தமான தமிழ்.

யோவான் 14:2இல் வரும் 'வாசஸ்தலங்கள்' மாளிகைகள் என்று பாட்டுகளில் பெரிதாகிவிட்டது. மூலச்சொல் 'மொனே', தங்கியிருத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. புதிய ஏற்பாட்டில் இது இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று அதே அதிகாரத்தின் 23ஆம் வசனம். அங்கே பிதாவும் குமாரனும் விசுவாசியிடம் வந்து வாசம்பண்ணுகிறார்கள். உறைவிடம் என்பது சரியான தமிழ். நித்திய ஜீவனுக்கு நிலைவாழ்வு நல்ல சொல்.

துக்க வீட்டில் வாசிக்கப் போகிறவர்கள் முதல் சில மணி நேரங்களில் யோவான் 14இன் முதல் மூன்று வசனங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். நீண்ட விளக்கம் அப்போது காதில் ஏறாது. அடக்கத்தில் 1 கொரிந்தியர் 15இன் பகுதி பொருந்தும். வெளிப்படுத்தின விசேஷம் 21 பிற்பாடு, வீடு அமைதியானபின். குடும்பத்தில் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் கலந்திருந்தால் இரண்டு காரியங்களை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இறந்தவருக்காக மன்றாடுவது கத்தோலிக்கருக்கு ஆறுதலின் ஒரு பங்கு. சீர்திருத்தச் சபைகளில் மன்றாட்டு பொதுவாக உயிரோடிருக்கிறவர்களுக்காகவே. கர்த்தரின் ஜெபத்தையும் ஒரே வடிவில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். பாதிப் பேர் "பரமண்டலங்களிலிருக்கிற" என்றும் மற்றவர்கள் "விண்ணுலகில் இருக்கிற" என்றும் தொடங்கினால் முதல் வரியிலேயே குரல்கள் தடுமாறும். அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் போதும்.