உள்ளாள் கேள்வி: ‘ஷில் பிட்டிங்’குக்குத் தமிழ்

பழைய நாணயம், அஞ்சல்தலை, ஓவியம் என்று இணைய ஏலத்தில் வாங்கிச் சேர்ப்பவர்களிடையே அடிக்கடி அடிபடும் சொல் ‘ஷில் பிட்டிங்’. விற்பவர் இன்னொரு கணக்கிலிருந்தோ, வேண்டியவர்களை விட்டோ தன் பொருளுக்குத் தானே விலை கேட்டு ஏற்றிவிடும் வேலை இது. உண்மையாகவே வாங்க வந்தவரின் பணத்தைக் கூடுதலாகப் பிடுங்குவதால் இது அப்பட்டமான மோசடி.

‘ஷில்’ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கொச்சையில் புழங்கத் தொடங்கிய சொல். வேடிக்கைக் காட்சிகளில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, முதல் ஆளாகச் சீட்டு வாங்கி மற்றவர்களையும் இழுத்துவிடும் ஆளுக்கு அந்தப் பெயர். ‘ஷில்லபர்’ என்பதன் சுருக்கம் என்பார்கள். வேலை என்னவோ சொல்லைவிடப் பழையது. இங்கிலாந்தில் இந்த ஆளை ‘பஃபர்’, அதாவது விலையை ஊதிவிடுபவர், என்றார்கள். விற்பவர் மறைவாக ஆள் வைத்துக் கேட்பது மோசடி என்று ஆங்கிலேய நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு 1776லேயே ஒரு வழக்கில் கண்டித்திருக்கிறார்.

தமிழில் சிலர் ‘போலி ஏலம்’ என்கிறார்கள். அது பொருந்தாது; பொருளும் உண்டு, ஏலமும் நடக்கிறது. ஏலத்தில் விலை சொல்வதை நாம் ‘கேட்பது’, ‘கேள்வி’ என்கிறோம். (‘ஏலம்’ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, ‘கேள்வி’ நம்முடையது.) எனவே ‘பொய்க் கேள்வி’ எனலாம். என் தேர்வு ‘உள்ளாள் கேள்வி’. கேட்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள மறைவான உறவுதான் இங்கே குற்றம். அந்தச் சொல் அதை நேராகச் சுட்டுகிறது. கண்டுபிடிக்கும் வழியும் அந்த உறவைத் தேடுவதுதான்.

யார் எப்போது எவ்வளவு கேட்டார்கள் என்று காட்டும் கேள்விப் பட்டியலை ஏலப் பக்கத்தில் திறந்து பாருங்கள். நீங்கள் உச்சவரம்பாக 5,000 பதிந்திருக்கிறீர்கள்; யாராவது கேட்கக் கேட்க, அந்த வரம்பு வரை தளமே உங்களுக்காக விலையை ஏற்றிக் கேட்கும். அந்த வரம்பு மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கணக்கு 3,000, 3,500, 4,000, 4,500 என்று சில நிமிடங்களுக்குள் படிப்படியாகத் தட்டிப் பார்க்கிறது. 5,100 வந்ததும் உங்களைத் தாண்டிவிடுகிறது. உடனே ‘தவறாகப் பதிந்துவிட்டேன்’ என்று திரும்பப் பெற்றுக்கொண்டு, மீண்டும் 4,900 கேட்டு ஒதுங்குகிறது. உங்கள் வரம்பை அளந்தாயிற்று. அந்தக் கணக்கு பெரும்பாலும் அதே விற்பனையாளரிடமே கேட்டு, எதையும் வெல்லாமல் போகிறதென்றால் சந்தேகம் வலுக்கிறது. தப்பித்தவறி அது வென்றுவிட்டால், அதே பொருள் கொஞ்ச நாளில் மறுபடி ஏலத்துக்கு வரும். படத்தில் அதே கீறல், அதே கறை இருக்கும். ஆனால் ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். அரிய வகை ஒன்றையே சேர்ப்பவர், அதை விற்கும் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இயல்பு.

2000இல் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம் 1,35,805 டாலர் வரை போனது. புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்ததோ என்று எண்ண வைக்கும் முதலெழுத்துகள் அதில் இருந்தன. விற்றவரே தன் பொருளுக்குக் கேட்டிருந்தது தெரிந்ததும் ஈபே விற்பனையை ரத்து செய்தது. பல பெயர்களில் கணக்கு வைத்து ஒருவர் பொருளுக்கு ஒருவர் விலை ஏற்றிய கூட்டம் பின்னால் இருந்தது. அடுத்த ஆண்டு வழக்கும் பாய்ந்தது.

இதன் கூட்டாளி பொய் ‘ஃபீட்பேக்’. வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் தளத்தில் பதியும் மதிப்பீடுதான் ஃபீட்பேக். ‘பின்னூட்டம்’ வலைப்பதிவுகளில் கருத்துரைக்கு நிலைத்துவிட்டதால், ஏலத்துக்கு ‘நற்சான்று’ பொருந்தும். பொய்யானது ‘பொய் நற்சான்று’. மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வாங்கியதற்குக் கிடைத்தவை எத்தனை, விற்றதற்கு எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். அற்ப விலைப் பொருள்களை வாங்கியே நூறு சான்று சேர்த்த ஒருவர் திடீரென அரிய நாணயம் விற்க வந்தால், அந்த நூறும் நாணயத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் ஒரே வாசகத்தோடு குவிந்த பாராட்டுகளையும், இரண்டு மூன்று கணக்குகள் மாறி மாறிப் புகழ்வதையும் தேதியோடு படம்பிடித்து வையுங்கள்; தளத்தில் புகார் கொடுக்கும்போது கேள்விப் பட்டியலோடு அவையும் கைகொடுக்கும்.