வாசலை இடித்தால் அடுப்பு கூடாது

ஸ்லாட்டை மாற்றினால் ஆடியோ கார்டின் சக்தி கூடிவிடும் என்று நம்பி ஏமாந்தவர்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள்.

தைப்பூசத்துக்கு இருபது நாள்கூட இல்லை. பாதயாத்திரைக் கூட்டம் பழனிக்குக் கிளம்பும் முன் காவடிப் பாட்டு ஆல்பத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய தம்பி, சிபியுவைத் துண்டில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வந்து நிற்கிறார். (நம் ஊரில் மொத்தப் பெட்டிக்குமே சிபியு என்றுதான் பேர். பாதிக் குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது.)

"அண்ணே, பழைய பிசிஐ கார்டைக் குடுத்துட்டு, மேல பணம் போட்டு எக்ஸ்பிரஸ் கார்டு வாங்கினேன். பல மடங்கு வேகம்னு சொன்னாங்க. இன்னொரு ரிவெர்ப் போட்டா பழையபடி மக்கர் பண்ணுது." ரிவெர்ப் என்றால் குரலுக்கு எதிரொலி சேர்க்கிற எஃபெக்ட்.

கழற்றிப் பார்த்தேன். யுஏடி-1இ. ரிவெர்ப் மாதிரி எஃபெக்ட் மென்பொருளை (ப்ளகின்) கணினியின் பிராசஸருக்குப் பதிலாகத் தன் சிப்பிலேயே ஓட்டுகிற கார்டு. கொடுத்துவிட்டு வந்தது யுஏடி-1. யுனிவர்சல் ஆடியோ கம்பெனி 2001-இல் விட்ட பிசிஐ கார்டு அது; 'இ' போட்டது அதன் பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவம். பிசிஐ என்பது மதர்போர்டில் கார்டு சொருகுகிற பழைய ஸ்லாட், எக்ஸ்பிரஸ் அதற்குப் பின் வந்தது. இரண்டிலும் ஒரே சிப், ஒரே சக்தி. வீடியோ வேலைக்கென்று செய்த சிப்பை ஆடியோவுக்குத் திருப்பிவிட்ட கார்டு அது என்பது தனிக் கதை. பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்த எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் வழியாக மாட்டிய எக்ஸ்பாண்டர் பெட்டிக்குள்ளும் அதே சிப்தான். ஸ்லாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளப் பணம் கட்டியிருக்கிறார் தம்பி.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் நாலு கோட்டை அடுப்பு எரிகிறது. சமைத்ததெல்லாம் ஒரு வாசல் வழியாகப் பந்திக்கு வருகிறது. சோறு பிந்துகிறது என்று வாசலை இடித்து அகலமாக்கினால் அடுப்பு ஐந்தாகிவிடுமா? ஸ்லாட் என்பது வாசல். அடுப்பு, கார்டில் இருக்கிற டிஎஸ்பி, அதாவது ஒலிக் கணக்குப் போடுகிற சிப்.

வாசல் நெருக்கடியாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட்டில் ஒரு ட்ராக்குக்கு வினாடிக்கு 192 கிலோபைட். நூறு ட்ராக் போனாலும் 20 மெகாபைட்டைத் தொடாது. அந்தக் காலத்துச் சாதா பிசிஐயே ஏட்டளவில் 133 மெகாபைட் தாங்கும். எக்ஸ்பிரஸில் முதல் தலைமுறையின் ஒரே ஒரு லேன் (டேட்டா போகிற ஒரு தடம்), ஒரு திசைக்கு 250. தம்பியின் ஆல்பத்தில் மொத்தமே முப்பது ட்ராக்தான்.

2008-இல் தொடங்கிய யுஏடி-2 வரிசையைப் பாருங்கள். சோலோவில் ஒரு சிப், டுயோவில் இரண்டு, குவாடில் நாலு, ஆக்டோவில் எட்டு. நாலுமே ஒரு லேன் எக்ஸ்பிரஸ் கார்டுதான். வாசல் ஒன்றுதான், அடுப்பு எட்டு மடங்கு. புரோ டூல்ஸ் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளுக்கான கார்டுகளிலும் இதே கணக்கு: பழைய எச்டி ஆக்செல் கார்டில் ஒன்பது சிப், 2011-இல் வந்த எச்டிஎக்ஸில் பதினெட்டு. அதுவும் முன்னதைவிட வலுவான சிப். சக்தி கூடியது அதனால்.

ஒரு லேன் கார்டைப் பதினாறு லேன் ஸ்லாட்டில் சொருகிவிட்டு "இப்போ வேகமா இருக்குண்ணே" என்று போன் செய்தவரும் உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. டிஎஸ்பி கார்டு, அதற்கென்றே எழுதிய ப்ளகினைத்தான் சுமக்கும். நீங்கள் போட்டிருக்கிற மற்ற ப்ளகின், சாம்பிள் நாதஸ்வரம், தவில் எல்லாம் கணினியின் பிராசஸர் தலையில்தான். கார்டு பக்கமே போகாது. மைக்கை மாட்டுகிற சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் ப்ளகின் கூடுதலாக ஓடும் என்பதும் இதே ரகத் தப்பு நம்பிக்கை.

தம்பியின் பாட்டில் படபடவென்று சத்தமும் வந்தது. அதற்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை. பெட்டியைத் திறந்தால் பிராசஸர் மேலிருக்கிற விசிறியில் பஞ்சு மாதிரி தூசி. பழைய வளவு வீட்டு முகப்பில் தரையில் வைத்து ஓட்டியிருக்கிறார். சூடேறினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரஷ், புளோயர், பிராசஸருக்குச் சூடு கடத்துகிற புது பேஸ்ட், பவர் செட்டிங்கை உச்சத்துக்கு மாற்றியது, மிக்ஸிங்குக்கு பஃபரை (ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்புகிற அளவு) 128-லிருந்து 512-க்கு ஏற்றியது: அரை மணி நேர வேலை. சத்தம் நின்றது. பாட்டுப் பதியும்போது மட்டும் மறுபடி 128-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாடுகிறவர் காதில் அவர் குரலே பிந்திக் கேட்கும்.

ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த ஹாலில் பதிந்த குரலுக்கு மேல் மூன்று ரிவெர்ப் எதற்கு என்பதையும் கேட்டுவைத்தேன். சிரித்தார். இரண்டை எடுத்துவிட்டார்.

பழைய கார்டு வாங்குகிறவர்களே, முனீஸ்வரன் கோயில் தெருவில் பித்தளைக் குத்துவிளக்கு வாங்குகிற மாதிரி இதை வாங்காதீர்கள். அங்கே பழசுக்கு மதிப்பு, இங்கே இல்லை. எத்தனை சிப், எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா பாருங்கள். ப்ளகின் உரிமம் விற்பவர் கணக்கில் கிடக்கும். அதை உங்கள் பேருக்கு மாற்றிக் கொடுக்காதவரை பணத்தை எண்ணாதீர்கள். பிசிஐ கார்டு எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நுழையாது, அழுத்தாதீர்கள். ஒருவர் அழுத்தியிருக்கிறார்.

வாங்கும் முன் மதர்போர்டை ஒரு போட்டோ எடுத்துக் காட்டிவிட்டுப் போங்கள், தயவுசெய்து. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.