மஞ்சள் மூடிக் குழாயின் அடியில் இருப்பது என்ன?

கல்முனை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லாப்பில் இரத்தம் எடுத்த மஞ்சள் மூடிக் குழாயின் அடியில் வாசலின் மாதிரி ஏதோ இருந்தது. அது மருந்தா? இரத்தத்தோடு கலந்தால் றிப்போர்ட் பிழைக்காதா?"

அது மருந்தில்லை, ஒரு ஜெல். இரத்தத்தில் கரையவும் கரையாது. றிப்போர்ட் பிழைக்கக் கூடாது என்பதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

குழாய்க்குள் விழுந்த இரத்தத்தில் செங்குழியங்கள் உயிரோடுதான் இருக்கும். உயிரோடு இருந்தால் பசிக்கும். பிரிக்காமல் அறை வெப்பநிலையில் விட்டால், மணிக்கு 5 முதல் 7 வீதம்வரை குளுக்கோஸைத் தின்று தீர்த்துவிடும். பொற்றாசியம் இதைவிடச் சிக்கலானது. செங்குழியத்துக்குள் இருக்கும் பொற்றாசியம் வெளியே சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் மஞ்சள் நீரில், இருப்பதைப் போல 20 மடங்குக்கும் மேல். கொஞ்சம் கசிந்தாலே, இல்லாத இருதய ஆபத்து ஒன்று தாளில் வந்து நிற்கும். ஆகவே சீரத்தையும் குழியங்களையும் சீக்கிரம் பிரித்து, பிரித்தபடியே வைத்திருக்க வேண்டும். பிரிப்பதைச் சுழற்றும் இயந்திரம், அதாவது சென்ட்ரிபியூஜ், செய்துவிடும். பிரித்ததைக் காப்பதுதான் ஜெல்லின் வேலை.

இதன் சூட்சுமம் அடர்த்தியில் இருக்கிறது. சீரம் ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1.03 கிராம். உறைந்த இரத்தக்கட்டி 1.09 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின். ஜெல்லை இரண்டுக்கும் நடுவே, 1.04 கிராமை ஒட்டித் தயாரிக்கிறார்கள். கட்டி ஜெல்லைவிடக் கனம், சீரம் ஜெல்லைவிட இலேசு. அப்படியென்றால் ஜெல் தானாகவே நடுவில் வந்து நிற்க வேண்டுமே, ஏன் அடியிலேயே குந்திக்கொண்டிருக்கிறது?

அது இறுகியிருப்பதால்தான். ஜெல்லின் பெரும்பகுதி பிசின் போன்ற ஒரு பல்பகுதியம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்காத் துகள்களைக் கலந்திருக்கிறார்கள். துகள்கள் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு வலைபோல் நிற்கும். குழாயைக் கவிழ்த்தாலும் ஜெல் வழியாது. சுழற்றும்போது கனமான கட்டி மேலிருந்து அமுக்க, அந்த வலை அறுகிறது. இறுகிக் கிடந்த ஜெல் கூழாகி, குழாய்ச் சுவரோரமாக மேலே ஏறும். கட்டி அது விட்ட இடத்துக்கு இறங்கும். இயந்திரம் நின்று சில நிமிடங்களில் துகள்கள் மறுபடி கைகோத்துவிடும். ஜெல் நடுவில் மூடிபோல் இறுகிவிடும். மேலே தெளிந்த மஞ்சள் சீரம், கீழே கட்டி.

தயிரோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் எருமைத் தயிரைக் கரண்டியால் கலக்கிவிட்டு முட்டியை எவ்வளவு நேரம் அசையாமல் வைத்தாலும் பழைய கட்டித் தயிர் திரும்பி வராது. ஜெல் வாவிச் சேற்றுக்குச் சொந்தம். காலை அசைத்தால் இளகி உள்ளே இழுக்கும். சும்மா நின்றால் காலைச் சுற்றி இறுகிக்கொள்ளும்.

அடர்த்திக் கணக்கு பிசகும் இடமும் உண்டு. சற்று முன்னர்தான் படம் தெளிவாக விழுவதற்கான அயடீன் கலந்த மருந்து ஏற்றி ஸ்கான் எடுத்தவரின் சீரம் வழமையைவிடக் கனத்திருக்கும். சிலவகை இரத்தப் புற்றுநோயில் புரதம் மிதமிஞ்சிப் போனாலும் அப்படித்தான். சீரமே ஜெல்லைவிடக் கனமாகிவிட்டால் ஜெல் சீரத்துக்கு மேலே போய் மிதக்கும். இயந்திரத்தில் பிழையில்லை, குழாயிலும் பிழையில்லை. ஆனால் அந்தக் குழாயைப் பகுப்பாய்வுக் கருவியில் வைத்தால் ஊசி ஜெல்லில் போய்க் குத்தும்.

மற்றப்படி பெரும்பாலான கோளாறுகள் அவசரத்தால் வருபவை. மஞ்சள் மூடிக் குழாயின் உட்சுவரில் இரத்தத்தை உறைய வைக்கும் சிலிக்கா பூசியிருக்கும். எடுத்த கையோடு 5 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, நிமிர்த்தியபடியே 30 நிமிடம் வைக்க வேண்டும். குலுக்கினால் குழியங்கள் உடைந்து சீரம் சிவக்கும். முப்பது நிமிடத்துக்கு முன் சுழற்றினால் சீரத்துக்குள் பஞ்சு நூல்போல் பைபிரின் இழைகள் மிஞ்சி ஊசியை அடைக்கும். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டு வருபவரின் உடலில் ஹெப்பாரின் என்ற உறைவெதிர்ப்பு மருந்து இருந்தால் உறைய இன்னும் நேரமெடுக்கும்.

அடுத்தது வேகம். "3000-இல் 10 நிமிடம்" என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பது அரைத் தகவல்தான். ஜெல்லுக்குச் சுற்று எண்ணிக்கை தெரியாது, விசை மட்டும்தான் தெரியும். சென்ரிமீற்றரில் ஆரத்தை, அதாவது இயந்திரத்தின் நடு அச்சிலிருந்து சுழலும் குழாயின் அடிவரை உள்ள தூரத்தை, நிமிடச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118 ஆல் மீண்டும் பெருக்குங்கள். ஆரம் 10 என்றால் 3000 சுற்றில் கிடைப்பது புவியீர்ப்பைப் போல 1006 மடங்கு. ஆரம் 17 என்றால் 1710 மடங்கு. ஜெல் குழாய்களுக்கு வழமையாகக் கேட்பது 1000 முதல் 1300 வரை. சுழலும்போது குழாய் படுக்கையாக நீளும் வகை இயந்திரத்தில் 10 நிமிடம் போதும். சரிவாகவே நிற்கும் வகையில் 15 நிமிடம் வேண்டும். அதிலும் ஜெல் சாய்வாகத்தான் படியும், ஒரு பக்கம் மெலிந்துபோகும்.

சீரம் காணவில்லை என்று ஜெல் குழாயை இரண்டாம் தடவை சுழற்றுவது பெரும் பிழை. ஜெல்லுக்குக் கீழே கட்டியோடு அகப்பட்டிருந்த கொஞ்சச் சீரம் பொற்றாசியத்தில் ஊறிக் கிடக்கும். ஜெல் மறுபடி இளகும்போது அது மேலே வந்து கலந்துவிடும்.

பிரிக்காத இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைப்பதும் அதேபோல்தான். குளிரில் குழியத்தின் பொற்றாசியப் பம்பி வேலைநிறுத்தம் செய்யும். பொற்றாசியம் வெளியே ஒழுகும். குழியம் உடைந்தால் சீரம் சிவந்து காட்டிக்கொடுக்கும். குளிரில் ஒழுகினால் நிறம் மாறாது, எவருக்கும் தெரியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமம் ஒன்றில் காலையில் எடுத்த குழாய் மண்முனைப் பாலம் தாண்டி நகரத்துக்கு வரும்வரை என்ன நிலையில் இருந்தது என்று கேட்க வேண்டியது இதனால்தான். கோடிக்கணக்கில் பகுப்பாய்வுக் கருவி வாங்கும்போது, இரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு சிறிய சென்ட்ரிபியூஜும் அரை மணி நேரம் பொறுக்கும் ஒருவரும் வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சுழற்றிவிட்டு அனுப்பினால் குழாய் பாதையில் குலுங்கினாலும் ஜெல் தாங்கும்.

"அடிக்கடி இரத்தம் எடுத்தால் உடம்பு வற்றிப் போகும்" என்று பயப்படுபவர்களுக்கு: ஒரு குழாய் 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி. வளர்ந்தவரின் உடம்பில் ஓடுவது ஏறத்தாழ 5 லீற்றர்.

வாசகி கேட்டதில் ஒரு பாதி சரிதான். ஜெல் கலக்காது, ஆனால் சிலவற்றை உறிஞ்சும். வலிப்புக்குக் குடிக்கும் பெனிற்றோயின் மருந்தின் அளவைப் பார்ப்பதென்றால், ஜெல்லில் நெடுநேரம் கிடந்த சீரம் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டலாம். அந்தப் பரிசோதனைக்கு ஜெல் இல்லாத சிவப்பு மூடிக் குழாய் நல்லது. மருந்து குடிப்பதை இரத்தம் எடுக்கும் முன்பே தாதியிடம் சொல்லிவிடுங்கள்.