காற்று நின்ற பிறகும் ஆடும் ஏரி

வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரியில் பாய்மரப் படகில் துறை துறையாகச் சுற்றிவரத் திட்டமிடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏரியில்தான் கடல் மாதிரி ஓதம் கிடையாதே, அப்புறம் ஏன் படகைக் கட்டும்போது கயிற்றுக்கு நீளம் விட்டுக் கட்டச் சொல்கிறார்கள்?"

நிலவின் இழுப்பால் இந்தப் பேரேரிகளில் நீர்மட்டம் 5 செ.மீ. கூட மாறுவதில்லை. அதை விட்டுவிடலாம். இங்கே வேலையைக் காட்டுவது காற்று. ஈரி ஏரியின் நீளம் சுமார் 388 கி.மீ., சராசரி ஆழம் 19 மீட்டர்தான். மேற்கு முனையில் டொலீடோ நகரம், கிழக்கு முனையில் பஃபலோ நகரம். தென்மேற்குக் காற்று கிட்டத்தட்ட ஏரியின் நீளவாக்கிலேயே வீசி, நீரைக் கிழக்கே தள்ளிக் குவிக்கிறது. ஆழம் குறைவாக இருப்பதால் சாய்வும் அதிகம். பெரும்புயலில் இரு முனைகளின் மட்டமும் 2 மீட்டருக்கு மேல் வேறுபடும்.

சரி, காற்று நின்றுவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிதான். குவிந்த நீர் மேற்கே திரும்புகிறது. சமநிலைக்கு வந்ததும் நிற்காமல், வந்த வேகத்திலேயே மேற்கு முனையில் ஏறுகிறது. பிறகு மறுபடி கிழக்கே. அகலமான தட்டில் தண்ணீரை ஏந்தி நடந்தால் இப்படித்தான் அலம்பும். ஈரியில் ஒருமுறை போய்த் திரும்பச் சுமார் 14 மணி நேரம் ஆகிறது. அதாவது, மாலையில் பஃபலோவில் உச்சத்தில் இருந்த நீர் நள்ளிரவு தாண்டும்போது அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். இந்த ஆட்டத்துக்குச் செய்ஷ் என்று பெயர்.

ஆட்டத்தின் காலத்தைக் காற்று முடிவு செய்வதில்லை. ஏரியின் நீளமும் ஆழமுமே முடிவு செய்கின்றன. முனைக்கு முனை அலம்பும் இந்த நீர் ஒரு நீண்ட அலைதான்; அதன் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 19 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 50 கி.மீ. சராசரியாக 150 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஜெனீவா ஏரியிலோ 140 கி.மீ.! அந்த ஏரி நீளத்திலும் சிறியது என்பதால் அங்கே ஓர் ஆட்டம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அங்கே இந்த ஆட்டத்தை ஆராய்ந்தவர் சுவிஸ் அறிவியலாளர் ஃபிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபொரெல்; 19ஆம் நூற்றாண்டில் அந்த ஏரிக்கரையில் உள்ள மோர்ஷ் துறைமுகத்தில் தொடங்கினார். ஏரியின் மட்டம் சில சென்டிமீட்டர் மாறினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துறைமுகம் முழுவதும் அந்தச் சில சென்டிமீட்டர் ஏற வேண்டுமானால், அத்தனை நீரும் குறுகிய வாயில் வழியாகத்தான் நுழைய வேண்டும்; அங்கே அது நீரோட்டமாகவே ஓடும். உள்ளே கொஞ்ச நேரம், வெளியே கொஞ்ச நேரம். ஏரியின் பேரசைவைத் துறைமுக வாயிலில் பிடித்த அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஏரியின் நடுப்பகுதியில் மட்டம் அதிகம் மாறாது. முனைகளில்தான் ஏற்ற இறக்கம். எனவே நடுவில் இருக்கும் துறைகளில் கவலை குறைவு. டொலீடோ பக்கம் நீர் இறங்கினால் படகின் அடிக்கட்டை தரைதட்டும். மிதக்கும் மேடையில் கட்டியிருந்தால் மேடையும் படகோடு சேர்ந்து ஏறி இறங்கும். அசையாத மேடையில் இறுக்கிக் கட்டிய படகோ நீர் இறங்கும்போது கயிற்றில் தொங்கிவிடும்.

கரையோர நீர்மட்ட அளவிகளைப் பராமரிக்க அரசுகள் தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல பத்தாண்டுகள் விடாமல் எடுத்த அளவீடு நடுவில் அறுந்தால், விட்டுப்போனதைப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் மீட்க முடியாது. கிளம்பும் முன் டொலீடோ, பஃபலோ இரண்டின் அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று ஏறி மற்றது இறங்கிக்கொண்டிருந்தால், காற்றே இல்லாவிட்டாலும் கயிற்றுக்கு நீளம் விடுங்கள்.